முதலில் நடக்கிற குடும்பம்

1. மேசையில் இரண்டு தாள்

மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அகராதி பார்ப்பது எப்படி, சுற்றுநிருபம் எழுதுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு மழைநாளைப் பற்றி.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. ஹட்டனுக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தின் கண்ணாடியில் மலை தெரியவில்லை, ரோடு தெரியவில்லை. பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போனது. என் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன.

ஒன்று ஒரு வாரமாகக் கிடப்பது. இறம்பொடை ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்கும் வளைவில், ஒரு தகவல் பலகை நடப்போகிறார்கள். கண்டி ராஜ்ஜியத்தின் கடைசி அரசர்களைப் பற்றி நாலைந்து வரி. சிங்களமும் இங்கிலீசும் தயார். தமிழ் என் பொறுப்பு. அதில் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றேன். இங்கிலீசில் 'டைனஸ்டி'. சிங்களத்தில் 'ராஜவங்சய'. ஆண்ட குடும்பம், அதன் பிள்ளை, பிள்ளையின் பிள்ளை என்று இறங்கி வருகிற அந்தச் சங்கதிக்குத் தமிழில் எதைப் போடுவது?

மற்றது அன்று காலை வந்தது. மண்சரிவு எச்சரிக்கை, சிவப்பு. ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரு லயத்தை, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓடும் தொழிலாளர் வீடுகளை, குறிப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது.

எங்கள் தலைமை எழுதுநர் பண்டார மாத்தயா குடையைக்கூட மடக்காமல் என் மேசைக்கு வந்தார்.

"ராஜாக்கள் செத்துப் பல காலம் ஆச்சு, அவங்க காத்திருப்பாங்க. இத முதல்ல முடி. முடிச்சிட்டு நீயும் ஜீப்ல ஏறு" என்றார் சிங்களத்தில். "தாள ஒட்டிட்டு வந்தா ஒருத்தரும் எறங்க மாட்டாங்க. வாயால சொல்லணும்."

தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் தாளை இன்னொரு தடவை வாசித்தேன். முந்திய வாரம் அந்த லயத்தில்தான் நான் போய் அந்தச் சொல்லை விசாரித்துவிட்டு வந்திருந்தேன். அங்கே யார் யாருக்காகக் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

2. மூங்கில், டைனமோ

சொல்லை விசாரிக்கத் தொடங்கியது பண்டார மாத்தயாவிடம்தான். சாப்பாட்டு நேரம் முடிந்து ஆளுக்கொரு பிளேன்டியோடு ஜன்னலோரம் நின்றோம். அவர் கண்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் முழுப்பெயர் வரவுப் புத்தகத்தில் இரண்டு வரி எடுக்கும்; முப்பாட்டனின் பட்டம், வீட்டுப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் ஊர்வலமாக வந்த பிறகே அவர் வருவார். என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் ஒற்றை எழுத்து. அதற்கு முன்னால் யார் என்று கேட்டால், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த கப்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வங்சன்னா என்ன மாத்தயா?"

"மூங்கில்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடவில்லை. சின்ன வயதில் ஊர் விகாரையான பன்சலையில் பாளி படித்தவர். பாளியிலும் சமஸ்கிருதத்திலும் அந்தச் சொல்லின் பழைய பொருள் மூங்கில்தான் என்றார். விரலை மடக்கி, கணுக்கணுவாகத் தொட்டுக் காட்டினார். "இது அப்பா. இதுல இருந்து மகன். இதுல இருந்து பேரன். ஒரு கணு முடியிற எடத்துலதான் அடுத்தது புறப்படுது. ராஜாவுக்கு இது புடிச்சுப் போச்சு, எடுத்துக்கிட்டான்."

பிறகு நானும் தேடினேன். ஒரே சொல் மூங்கிலுக்கும், முதுகெலும்புக்கும், புல்லாங்குழலுக்கும், வீட்டின் முகட்டில் ஓடும் நெடுவிட்டத்துக்கும் போயிருக்கிறது. நீளமாக, கணுவிட்டு, ஒன்றைத் தாங்கிக்கொண்டு போகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர். அந்த வழியாகத்தான் குடும்பத்துக்கும் வந்தது. தமிழுக்குள் நுழைந்து நம் வாயில் 'வம்சம்' ஆனது.

இங்கிலீஷ்காரன் சொல்லுக்கு வேறு பிறப்பு. கிரேக்கத்தில் 'முடியும்', 'இயலும்' என்ற வினையிலிருந்து வந்தது டைனஸ்டி. இயன்றவன், அதாவது அதிகாரம் உள்ளவன். அவன் வீட்டார் ஆளும் காலம் டைனஸ்டி. அதே வேரில் பிறந்தவைதான் டைனமோவும் டைனமைட்டும். தேயிலை பெக்டரியில் வேலை செய்த என் மாமா டைனமோவைக் காட்டி "இது நின்னா எல்லாம் நின்னுரும்" என்பார். டைனஸ்டிக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மொழி காட்டைப் பார்த்திருக்கிறது, ஒரு மொழி புஜத்தைப் பார்த்திருக்கிறது. தமிழிலும் குலம், குடி, மரபு, கால்வழி, கொடிவழி என்று ஒன்றுக்கு ஐந்தாக இருந்தன. எல்லாம் சரியானவை. எல்லாம் தாளில் உட்கார்ந்திருந்தன. ஒன்றைக்கூட நான் யாருடைய வாயிலும் கேட்ட ஞாபகம் இல்லை. அதனால் கேட்டுப் பார்க்கப் போனேன்.

3. தலைவர் வீடு

எச்சரிக்கைக்கு முந்திய வாரம் மேல் டிவிசனில் நடமாடும் சேவை. தாய்மார் மலைக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் மேசை போட்டு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் வேலைகள் நடந்தன. கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். கைவேலை குறைந்த நேரத்தில் முன்னால் நின்ற லெட்சுமியிடம் கேட்டேன். ஐம்பது தாண்டியவர், வாய்க்குப் பேர்போன கொழுந்துக்காரி.

"லெட்சுமியக்கா, தலைமுறை தலைமுறையா தலைமையில இருக்கிற குடும்பத்த இங்க என்னான்னு சொல்வீங்க?"

"தலைவர் வீடும்போம்."

"வேற?"

"நல்லா இருக்கைல அப்புடி. கோவம் வந்தா சொல்றத ஒங்க போர்டுல எழுத ஏலாது மிஸ்."

மடுவமே சிரித்தது. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைவர் வேலாயுதமும் சிரித்தார். தோட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்று துரையோடு பேசுகிறவர்தான் தலைவர். வேலாயுதத்தின் தாத்தா இந்தியாவில் ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணி, அப்பா தலைவர், பிறகு இவர். பதவி ஓட்டுப் போட்டுத்தான் கொடுக்கப்படுகிறது. ஆனால் ஓட்டு எப்போதும் லயத்தின் தொங்கலில், கடைசிக் கோடியில், இருக்கும் அந்த ஒரே வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"தாத்தா கங்காணியா இருக்கைல பிரம்பு வெச்சிருந்தாராம்" என்றார் லெட்சுமி. "அப்பா குடை வெச்சிருந்தாரு. இவருகிட்ட ஃபோன்தான் இருக்கு. அதும் சார்ஜ் இருக்காது."

"சார்ஜ் இருந்தா நீ அடிச்சே தீத்துருவியே" என்றார் வேலாயுதம்.

இன்னும் சிரிப்பு. நான் அந்தச் சிரிப்பிலேயே அடுத்த கேள்வியையும் போட்டேன். "வம்சம்னு சொல்றதுண்டா?"

சிரிப்பு நின்றது. மழைக்கு முன்னால் காற்று நிற்குமே, அப்படி. வேலாயுதம் எழுந்து வெளியே போனார். அவர் மனைவி கமலம் அவசரமாக, "கல்யாணத்துல சொல்வாங்க மிஸ், வம்சம் தழைக்கணும்னு" என்றார்.

"சாபத்துலயும் சொல்வாங்க" என்றார் லெட்சுமி. அடையாள அட்டைக்குக் கொடுத்த துண்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அவரும் போய்விட்டார்.

கமலம் ஜீப் நிற்கும் இடம் வரை என்னோடு வந்தார். வழியில், தேயிலைக்கு நடுவே, தானாகவே சொன்னார்.

தமிழ் ஆட்களை அடித்து லயங்களைக் கொளுத்திய கலவரக் காலம். அப்போது வேலாயுதத்தின் அப்பா தலைவர். கொளுத்த ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், எல்லோரையும் ஏற்றிப்போக லொறி கொண்டுவருகிறேன் என்று கினிகத்தேனைக்கு இறங்கினார். பெண்சாதியையும் சின்னப் பையன் வேலாயுதத்தையும் கூடவே கூட்டிப்போனார். பாதையை மறித்துவிட்டார்கள். மறுநாள்தான் திரும்ப முடிந்தது. அதற்குள் லயம் எரிந்துபோயிருந்தது. பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள் பலரைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். லெட்சுமியின் அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வந்த தலைவரின் முன்னால் லெட்சுமியின் அம்மா மண்ணை அள்ளி வீசி, "ஓடிப்போன தலைவரே, ஒங்க வம்சமே வெளங்காது" என்றாராம்.

"அவுக லொறிக்குத்தான் போனாக மிஸ்" என்றார் கமலம். "அதுல பொய்யில்ல. ஆனா முதல்ல போனது போனதுதானே. அதுல இருந்து எங்க வீட்டுக்கு ஒரு வழக்கம். நல்ல காரியம்னா நாங்க முன்னுக்கு. தட்டு, பரிவட்டம், பொங்கப் பானை எல்லாம் எங்க வீட்டுக்குத்தான் முதல்ல. கெட்டதுன்னா நாங்க கடைசி. எழவு வீட்டுல கடைசியாத்தான் சாப்புடுவோம். வெள்ளம் வந்தா கடைசியாத்தான் அரிசி வாங்குவோம். மாமா வெச்ச வழக்கம். இவுக விட மாட்டாக."

எனக்கு அந்த வழக்கம் அழகாகத்தான் பட்டது. ஜீப்பில் உட்கார்ந்து குறித்தும் வைத்துக்கொண்டேன். அது ஒருநாள் ஆளைக் கொல்லப் பார்க்கும் என்று தோன்றவில்லை.

4. கதவுகள்

எச்சரிக்கைத் தாளோடு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். கூட வந்த கிராம சேவகர் இளைஞர், சிங்களவர், தமிழ் நாலு சொல் தெரியும், நாலும் மரியாதையானவை. ஜீப்பை மதகுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு ஏறினோம். லயத்துக்குப் பின்னால் மேட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. நடுவில் நின்ற சவுக்கு மரம் குடித்தவன்போலச் சாய்ந்திருந்தது.

ஆட்கள் தயாராகத்தான் இருந்தார்கள். மூட்டை கட்டியாயிற்று. பிள்ளைகளுக்குப் பொலித்தீன் சுற்றியாயிற்று. லயத்தின் நீளத்துக்கும் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். ஆனால் ஒருத்தர் காலும் வாசலைத் தாண்டவில்லை.

நான் தாளை வாசித்தேன். "அபாய வலயத்தில் வசிப்போர் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்."

"மிஸ்," என்றார் ஒருவர் பணிவாக, "ரேடியோ மாதிரி இருக்கு. எங்களுக்குச் சொல்லுங்க."

"மலை எறங்குது. நீங்க முந்தி எறங்குங்க."

"அது தெரியுதுங்க. தலைவர் வீடு இன்னும் கதவு பூட்டலையே."

தொங்கல் வீட்டைப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. வேலாயுதம் படியில் குடையோடு நின்றார்.

"அவுக பூட்டாம நாங்க எப்புடி பூட்டுறது?" என்றாள் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. "அவுக நிக்கிறாகன்னா அம்புட்டு ஆபத்தில்லன்னுதானே?"

"போன தடவ கீழ் டிவிசன்காரங்க எறங்கினாங்க" என்றார் இன்னொருவர். "அவங்க தலைவர் கூடப் போகல. இன்னைக்கும் ஸ்கூல் ஹோல்லதான் கெடக்காங்க. கேக்க நாதியில்ல. எங்க தலைவர் முன்னுக்குப் போனாத்தான் எங்களுக்கு ஒரு புடிமானம்."

இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை, கவனியுங்கள். அரசாங்கத் தாளை நம்பி இறங்கியவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தவர்கள் பேசுகிற பேச்சு அது. நான் தொங்கல் வீட்டுக்கு ஓடினேன்.

"தலைவரே, நீங்க நடந்தாத்தான் அவங்க நடப்பாங்க."

"அவங்க போகட்டும் மிஸ். கடைசி ஆளா நான் வாறேன்."

"நீங்க போகாம அவங்க போக மாட்டாங்க!"

"ஒரு தடவ முதல்ல போன குடும்பம் மிஸ் நாங்க." குரல் உயரவில்லை. "எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டு நானும்தான் போனேன். இன்னைக்கு நான் காலெடுத்து வெச்சா, 'இந்தா திரும்பவும் ஓடிட்டான்யா'ம்பாங்க. வாயால சொல்லாட்டியும் மனசுல சொல்லுவாங்க. மலை எம்மேல விழட்டும். அது பரவால்ல."

திரும்பி வரிசைக்கு ஓடினேன். வரிசை மறுபடி தலைவரைக் காட்டியது. தலைவர் வரிசையைக் காட்டினார். இரண்டு பக்கமும் மரியாதை. மரியாதைக்கு நடுவில் மழை. பின்னாலே மேடு. கிராம சேவகர் என் காதில் சிங்களத்தில் கேட்டார், "என்ன சொல்றாங்க அக்கே?" இந்த வேலையில் என் அத்தனை வருசத்திலும் எனக்குச் சரியாக மொழிபெயர்க்க வராமல் போன ஒரே பதில் அது. "ரெண்டு பேரும் 'நீங்க முதல்ல'ன்னு சொல்றாங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

அப்போது பின்பக்கமிருந்து கமலத்தின் குரல். "கான்ல தண்ணி நின்னுருச்சு!"

லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் என்கிற வடிகால் காலையிலிருந்து சிவப்பாகக் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு மழையில் ஓடுகிற தண்ணீர் நிற்கிறது என்றால் அது மண்ணுக்குள் வேறு வழி கண்டுகொண்டது என்று அர்த்தம். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. வரிசை முழுவதும் ஒரு அடி அசைந்தது. அசைந்து, மறுபடி தொங்கல் வீட்டைப் பார்த்து நின்றது.

5. துவாலை

லெட்சுமி மூட்டையைக் கீழே வைத்தார். தலையில் சுற்றியிருந்த துவாலையை அவிழ்த்தார். மழைக்குள் இறங்கி நேராகத் தொங்கல் வீட்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஏதோ பெரிதாக வையப் போகிறார் என்றே நினைத்தேன்.

"தலைவரே, ஒங்க வீட்டு வழக்கம் என்னா?"

"இப்ப என்னா லெட்சுமி இதெல்லாம்?"

"கேக்குறேன்ல? நல்லதுக்கு யாரு முன்னுக்கு?"

"... நாங்க."

"கெட்டதுக்கு?"

"நாங்க கடைசி."

"சரி. இப்ப நாங்க எல்லாம் சாகவா போறோம், பொழைக்கவா போறோம்?"

வேலாயுதம் வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பிள்ளகுட்டியோட உசுரோட எறங்கிப் போறது நல்ல காரியமா, கெட்ட காரியமா? சொல்லுங்க. தேர் இழுக்கைல மட்டும் முன்னுக்கு வருவீங்க, பொழைக்கப் போறதுக்குக் கடைசியா வருவீங்களா? எந்த ஊரு நாயம் இது?"

தாழ்வாரத்தில் யாரோ ஒரு கிழவனார், "அது சரியான பேச்சுதான்" என்றார்.

லெட்சுமி துவாலையை உதறினார். ஈரம் என் முகத்தில் தெறித்தது. "குனிங்க" என்றார்.

"நீயா?"

"பூசாரி ஹட்டனுக்குப் போயிருக்காரு. குனிங்க, கை வலிக்குது."

அவர் குனிந்தார். கொழுந்துக் கறை பிடித்த அந்தத் துவாலையை லெட்சுமி அவர் நெற்றியில் சுற்றி, பரிவட்டம் கட்டுவது போலவே பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டார். கோயிலில் அதைக் கட்டும்போது நாதஸ்வரம் இருக்கும். இங்கே தகரத்தில் மழை. முடிச்சைப் போட்டுவிட்டு, வரிசைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"முன்னுக்குப் போகச் சொன்னது நானு. ராமாயி மக லெட்சுமி. நாளப்பின்ன ஓடிப்போனாருன்னு எந்த வாயாவது சொன்னா, அந்த வாய் எங்கிட்ட வரட்டும்."

ராமாயி யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மண்ணை அள்ளி வீசியவர்.

வேலாயுதம் கதவைப் பூட்டினார். ஈரத்தில் இரண்டு தடவை வழுக்கிய பூட்டு மூன்றாவதில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், லயத்தின் நீளத்துக்கும் கதவுகள் டக் டக் என்று சாத்திக்கொண்டே போயின. கமலம் சாமிப்படத்தைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புருசனுக்கு ஒரு எட்டு முன்னால் போனார். பின்னால் அவர், அவருக்குப் பின்னால் எல்லோரும். நான் வேதக்காரி, மாதா கோயில் பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். இப்படி ஒரு நடையில் நான் நடந்ததில்லை. கோழிகள் மட்டும் கூடைக்குள்ளிருந்து ஏசிக்கொண்டே வந்தன.

மதகைத் தாண்டியதும் வேலாயுதம் நின்றார். அந்தப் பக்கம் பாறை நிலம், பயமில்லை. ஒதுங்கி நின்று ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லிக் கடக்கவிட்டார். நடக்க முடியாத ஒருவரைக் கிராம சேவகர் முதுகில் தூக்கி வந்தார். கடைசியில் வந்தது லெட்சுமி. அவரும் தாண்டிய பிறகே தலைவர் நகர்ந்தார். முதல் வீடாகவும் போனார், கடைசி ஆளாகவும் வந்தார். அதற்கு அந்த மனிதர் இடம் கண்டுபிடித்துக்கொண்டார்.

பாடசாலை மண்டபத்தில் பெரிய கேத்தலில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தபோது சத்தம் வந்தது. பெரிய சத்தம் என்று சொல்ல மாட்டேன். ஒரு லொறி நிறையக் கல்லை மெதுவாகச் சாய்த்தது போல, நீண்டு நீண்டு போய் அடங்கியது. யாரும் வெளியே ஓடவில்லை. கையிலிருந்த கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

6. இரண்டாவது பெயர்

காலையில் மழை கொஞ்சம் விட்டது. வேலாயுதமும் லெட்சுமியும் இன்னும் சிலரும் மதகு வரைக்கும் போனார்கள்; நானும் போனேன். லயத்தில் பாதி இருந்தது. பாதி இருந்த இடத்தில் சிவப்பு மண். தொங்கல் வீடு முழுதாகப் போயிருந்தது. முகட்டு விட்டம் மண்ணிலிருந்து சாய்வாக வானத்தைப் பார்த்து நின்றது. வேலாயுதம் அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நெற்றியில் அந்தத் துவாலை அப்போதும் இருந்தது. இரவெல்லாம் அவிழ்க்கவில்லை போலும்.

பிறகு, லெட்சுமியைப் பார்க்காமலே மெல்லக் கேட்டார். "ஒங்கம்மா சொன்னது பலிச்சிருச்சா?"

லெட்சுமி மண்ணைப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு அன்னைக்குக் கையில மண்ணுதான் இருந்திச்சு தலைவரே, வீசுனிச்சு. லொறி வந்திருந்தா மாலையே போட்டிருக்கும்." முந்தானையைப் பிழிந்துவிட்டு, "அம்மா செத்தப்ப குழிக்கிட்ட கடைசி வரைக்கும் நின்னது நீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வாங்க, பாணும் பருப்பும் ஆறிரும்" என்றார்.

வேலாயுதம் அழுதார். சத்தமில்லாமல், குடைக்குள். நாங்கள் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த வாரம் பலகைக்கு 'அரச வம்சம்' என்று எழுதிக் கொடுத்தேன். பண்டார மாத்தயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மரபுன்னு ஒண்ணு சொன்னியே, அதுதான் சுத்தமான தமிழ்ன்னியே?" என்று கேட்டார். சுத்தம்தான், ஆனால் வாழ்த்தவும் திட்டவும் எங்கள் ஆட்கள் இதைத்தான் எடுக்கிறார்கள், இரண்டுக்கும் எடுக்கிற சொல்லில்தான் உயிர் இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டி முத்திரை குத்தினார். கண்டி ராஜாக்கள் அந்தச் சொல்லோடு இப்போது வளைவில் நனைந்துகொண்டிருக்கிறார்கள்.

மூங்கிலா, 'முடியும்' என்ற வினையா, இரண்டில் எது சரியான விளக்கம் என்று பிள்ளைகள் கேட்கலாம். கணுவுக்கு மேல் கணுவாகத் தாத்தாவும் அப்பாவும் ஏற்றிக் கொடுத்த உயரம்தான் வேலாயுதத்தை அந்தப் படியில் நிறுத்தியது, அசையவிடாமல். அந்த நேரத்தில் 'முடிந்தவர்' அவர் இல்லை. அவருக்கு முடியும்படி ஆக்கியது இன்னொருத்தர், அதுவும் அந்தக் குடும்பத்தின் மேல் ஆறாத கோபம் வைத்திருக்க எல்லா நியாயமும் உள்ள ஒருத்தர். டைனஸ்டி என்ற சொல்லின் வேரை எழுதிவைத்தவர்கள் இந்தப் பக்கத்தை எழுதவில்லை. ஆளுகிற குடும்பத்துக்கு முடிவது, எதிரில் நிற்கிறவர் ஒத்துக்கொள்ளும் வரைக்கும்தான்.

இப்போது எச்சரிக்கைத் தாள் வந்தால் நான் பேனாவை எடுப்பதற்கு முன் ஃபோனை எடுக்கிறேன். அந்த லயத்தைத் தெரிந்த யாராவது ஒருவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்கிறேன். உங்கள் பக்கம் முதலில் நடக்கிற வீடு எது? அந்த வீட்டை நடக்கச் சொல்லக்கூடியவர் யார்?

முதல் கேள்விக்கு உடனே ஒரு குடும்பத்தின் பெயர் வரும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் தயங்குவார்கள். சிலர் சிரிப்பார்கள். "ஒருத்தர் இருக்காரு, ஆனா அவருக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லீங்களே" என்பார்கள். காத்திருங்கள், ஃபோனை வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு மொழிபெயர்க்க உட்காருங்கள்.